கிளாரினெட் தேய்த்த பள்ளம்

அவித்த மல்லாட்டைதான், வேர்க்கடலை. அதைப் பல்லால் உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ராயப்பன் எந்தக் காயையும் விரலால் நசுக்கித் தின்றவரில்லை. முன்பல்லில் வைத்து ஒரு கடி. தோல் இரண்டாகப் பிளக்கும். அன்றைக்கு நன்றாக முற்றிய காய் ஒன்று அகப்பட்டது. 'டக்' என்றது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். தோலும் பருப்புமாகக் கிடந்ததன் நடுவே உப்புக்கல் போல ஒரு வெள்ளைத் துண்டு.

"பல்லுல கட்டின சிமெண்டு பூடுச்சு," என்றார்.

அவர் மனைவி அமலா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நசுக்கித் துன்னுன்னு எத்தினி வாட்டி சொல்றது? மவுத்பீசக் கடிக்கிறது பத்தாதுன்னு இதையும் கடிச்சிக்கினு."

மகள் ஜெசிந்தா அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அரிசி நொய்யைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. அவ்வளவுதான். அதற்குள் அப்பாவின் முகம் மாறிவிட்டிருந்தது. நாக்கு நுனியால் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுப்புரம் பக்கத்துக் கெடாரில் ராயப்பனைத் தெரியாதவர்கள் கிடையாது. அன்னை பேண்டு செட்டில் கிளாரினெட் அவர்தான். கல்யாணமோ, காதுகுத்தோ, மாதா தேரோ, சாவோ, முதல் ஓசை அவரிடமிருந்துதான் கிளம்பும். பிறகுதான் ட்ரம்பெட்டும் டிரம்மும் சேர்ந்துகொள்ளும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கண்டாச்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டுத் திரும்பும்போது குட்டியானை வண்டி ஒரு திருப்பத்தில் சாய்ந்து, அவருடைய மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்தது. ஏதோ ஒரு மருத்துவ முகாமில் பல்லின் நிறத்திலேயே மீதியைக் கட்டிக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாசிக்கத்தான் வரவில்லை.

கிளாரினெட்டின் மவுத்பீஸ் மேல்பல்லின் நுனியில்தான் உட்கார வேண்டும். புதிதாகக் கட்டிய பல்லில் அது உட்கார மறுத்தது. வழுக்கியது, நகர்ந்தது, உதட்டோரத்தில் சுரத்தோடு சுரமாகப் 'புஸ்' என்று காற்று கசிந்தது. "வாயில வேற ஆளு வந்து குந்திக்கினு இருக்கான்," என்று ராயப்பன் அப்போது சொல்வார். அந்தக் காலத்தில் முதல் ஓசை வேறொருவருடையதாக இருந்தது. அவர் பின்வரிசையில் நடந்தார். ஒரு வருடத்துக்கு மேல் வாசித்து வாசித்து அந்த நுனி தேய்ந்தது. ஒருநாள் வளவனூரில், ஒரு தேருக்கு நடுவில், கசிவு நின்றது. அவருடைய நாதம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

மல்லாட்டை தின்ற அன்று மாலை பெட்டியைத் திறந்து வாசித்துப் பார்த்தார். புஸ். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மவுத்பீஸ் மேல் ஒட்டிப் பார்த்தார். பானைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. பிய்த்துப் போட்டுவிட்டுப் பெட்டியை மூடினார்.

மறுநாள் ட்ரம்பெட் சகாயராஜ் வந்தான். அமலாவின் அண்ணன் மகன்.

"இன்னா மாமா, அடுத்த சனிக்கெழம மாதா தேரு. ரெடியா நீ? இல்ல, மொதப் பாட்ட நானே ஊதிடட்டுமா?"

"ஊது. லாரி ஆரன் கணக்கா ஊது. மாதா தேர்லேர்ந்து எறங்கி ஓடிடும்."

சகாயராஜ் சிரித்தான். ராயப்பன் சிரிக்கவில்லை. சிரித்தால் உடைந்த மூலை தெரியும்.

விழுப்புரத்தில் அப்பாவும் மகளும் முதலில் போன பல் டாக்டர் இளைஞர், மரியாதையானவர். பல்லைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். "ஓரம் பூரா கறுத்துப்போச்சு. மூலை வேற உடைஞ்சிருக்கு. பழசை முழுசா எடுத்துட்டுப் புதுசா வெச்சிடலாம். ஆழமா போயிருந்தா வேர்ல வைத்தியம் பண்ணிட்டு பல்லு மேல கேப் போட்டுக்கலாம். நுனியும் தேஞ்சு வளைஞ்சிருக்கு பாருங்க, அதையும் நேராக்கிடலாம்." பிறகு கையுறையைச் சரிசெய்தபடி கேட்டார், "ஏதாவது பழக்கம் உண்டா?"

ராயப்பன் நாற்காலியில் நிமிர்ந்துகொண்டார். "ஒரு பழக்கமும் கெடையாதுங்க. பீடி, பாக்கு, தண்ணி எதையும் தொட்டதில்ல. டீ குடிப்பேன், அவ்ளதான்."

பேண்டுக்காரனைப் பார்த்து ஊர் கேட்கும் கேள்வி அது. தண்ணி போடாமல் எவனாவது வாசிப்பானா என்பார்கள். முப்பது வருடமாக அந்தக் கேள்விக்கு அவர் ஒரே பதிலைத்தான் தலைநிமிர்ந்து சொல்லிவந்திருக்கிறார். டாக்டர் கேட்டது வேறு பழக்கம் என்பது அவருக்கும் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்கும் தோன்றவில்லை.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"கூலி வேலைங்க."

ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். ஊருக்கு வெளியே அப்பா சொல்லும் பதில் அதுதான். கிளாரினெட் என்றால் பேண்டு, பேண்டு என்றால் சாவு, சாவு என்றால் எந்தத் தெரு என்பது அடுத்த கேள்வி. அந்த வரிசையை அவர் முதல் படியிலேயே நிறுத்திவிடுவார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். கெடார் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் ராயப்பன் சொன்னார்.

"முழுசா எடுக்கணுமாம்."

"கேட்டேன்பா."

"நேராக்கிடுவாராம். திரும்ப மொதல்லேர்ந்து." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அப்ப வயசு இருந்துச்சு, ஜெசி. ஒரு வருசம் பின்னாடி நடந்தேன். இப்ப நடந்தா பின்னாடியேதான்."

ஜெசிந்தா வேதியியல் படித்தவள். ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். சோதனைக் குழாய்களோடு அவளுக்குச் சிரமமில்லை, மனிதர்களோடுதான். "எம் பொண்ணுக்கு வாய்ன்னு ஒண்ணு இருக்கிறதே சோறு துன்னத்தான்," என்பாள் அமலா. ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் ஜெசிந்தா தானாகவே போனை எடுத்து, கூடப் படித்த அன்புச்செல்வியைக் கூப்பிட்டாள். அன்புச்செல்வி திண்டிவனத்தில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள்.

"எங்க டாக்டரம்மா எதையும் ஜல்தியில புடுங்க மாட்டாங்கடி," என்றாள் அன்புச்செல்வி. "ஒட்டுப்போட்டாலே போதும்னா ஒட்டு மட்டும்தான் போடுவாங்க. கூட்டிக்கினு வா."

ராயப்பன் உடனே சரியென்றார். ஒட்டை நம்பி அல்ல. திண்டிவனத்தில் அவரை யாருக்கும் தெரியாது.

மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்த மருத்துவமனை. டாக்டர் பரிமளாவுக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியில் இரண்டு சின்னக் குழாய்கள் முளைத்திருந்தன. அவற்றின் வழியாகப் பார்த்தால் பல் பல மடங்கு பெரிதாகத் தெரியும் என்று அன்புச்செல்வி காதோரம் சொன்னாள். டாக்டர் பேனா போன்ற ஒரு கேமராவை ராயப்பனின் வாய்க்குள் நுழைத்தார். சுவரில் இருந்த திரையில் ஒரு பல் வந்து நின்றது.

ஜெசிந்தா தன்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வந்தாள்.

தினமும் பார்க்கும் பல் அல்ல அது. செஞ்சிப் பக்கம் மழை நின்றதும் வெயிலில் மின்னுமே, அந்தப் பாறை போல இருந்தது. மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள். ஓரத்தில் பாறை கண்ணாடியாக மாறி, வாயின் இருட்டு உள்ளே நீலமாகத் தெரிந்தது. குறுக்கே ஒரு பழுப்புக் கோடு சரிவாக ஓடியது.

"கோட்டுக்கு மேல இருக்கிறது உங்க பல்லு, ஐயா," என்றார் டாக்டர். "கீழ இருக்கிறது அப்ப கட்டினது. யார் கட்டினாங்களோ, கை நல்ல கை. ரெண்டு ஓரத்துல மட்டும் பசை விட்டிருக்கு. டீக்கறை உள்ள போயிருக்கு. நடுவுல பாருங்க, இன்னும் இறுக்கமாத்தான் பிடிச்சிருக்கு."

பஞ்சில் எதையோ தெளித்துப் பல்லில் வைத்தார். ராயப்பன் துள்ளினார்.

"சில்லுனு இருக்கா? ரொம்ப நல்லது. உள்ள உயிரோட இருக்கு. இதை எதுக்கு முழுசா எடுக்கணும்? கெட்ட ஓரத்தை மட்டும் எடுத்துட்டு, உடைஞ்ச மூலையை மட்டும் கட்டினா போதும்."

ராயப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "ஒட்டு நிக்குங்களா, மேடம்?"

"பெரும்பாலும் நிக்கும். சத்தியம் பண்ண மாட்டேன். விட்டுச்சுன்னா திரும்ப ஒட்டலாம். ஆனா பழசை முழுசா எடுக்கும்போது அது மட்டும் வராது. நிறம் ஒண்ணா இருக்கிறதால, எங்க அது முடிஞ்சு எங்க பல்லு ஆரம்பிக்குதுன்னு மிஷினுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும். அடுத்த தடவை குழி பெருசாகும்." அவர் திரையில் அந்தப் பாறையைத் தொட்டுக் காட்டினார். "எலும்பு உடைஞ்சா கூடிடும். தோல் கிழிஞ்சா மூடிடும். இந்த மேல்பூச்சு இருக்கே, எனாமல், இதை உடம்பு ஒரே ஒரு தடவைதான் செய்யும். உங்களுக்கு நாலஞ்சு வயசு ஆகறதுக்குள்ள, ஈறுக்கு உள்ளயே இதைச் செஞ்சு முடிச்சிடுச்சு. அப்புறம் செய்யறவங்க யாரும் கிடையாது."

நாலு வயது. ஜெசிந்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பாவின் நாலு வயதில் கெடாரில் அவர்கள் வீட்டில் என்ன இருந்திருக்கும்? நெல்லுச் சோறு திருவிழாவுக்குத்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். கேப்பைக் கூழ்தான். கேப்பையில்தான் மற்றத் தானியங்களைவிடச் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கூலியாக வந்த கேப்பை, யாரோ களிமண் சட்டியில் கரைத்து ஊட்டிய கூழ். அதிலிருந்து அணு அணுவாகப் பொறுக்கி எடுத்து, இருட்டில், யாரும் பார்க்காமல், இவ்வளவு பெரிய பாறையைக் கட்டியிருக்கிறது அந்தச் சின்ன உடம்பு. அந்தக் கூழ் இன்னும் இங்கேயே இருக்கிறது.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல," என்றார் டாக்டர். கேமரா கீழே இறங்கியது. "இந்த நுனிப் பள்ளம். பல்லும் பழசும் ஒரே வாட்டத்துல தேஞ்சிருக்கு. பழக்கம் ஏதாவது உண்டா?"

"ஒரு பழக்கமும் கெடையாதுங்க. பீடி, பாக்கு, தண்ணி…"

"அது இல்ல ஐயா. பல்லுல எதையாவது கடிச்சுப் பிடிக்கிற பழக்கம். டெய்லர் ஊசியைக் கடிப்பாங்க, கட்டில் செய்யறவங்க ஆணியைக் கடிப்பாங்க. நீங்க என்ன வேலை?"

"கூலிங்க."

"மல்லாட்டை கடிச்சதுல உடைஞ்சதுன்னு சொன்னீங்க, ஆனா அதால இப்படி வளையாது. சரி, போகட்டும். மூலையைக் கட்டும்போது இந்தப் பள்ளத்தையும் நிரவி நேராக்கிடறேன். பார்க்கவும் நல்லா இருக்கும்."

ராயப்பன் மேலே எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஜெசிந்தாவுக்கு அந்தப் பள்ளம் தெரியும். அரைவட்டமாக, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து. சின்ன வயதில் அப்பா துடைக்கக் கொடுக்கும் மவுத்பீஸின் முதுகில் அதே வளைவை அவள் விரலால் தடவியிருக்கிறாள். இவ்வளவு நாளும் அந்த வளைவுக்கு ஜோடி எங்கே இருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

"நேராக்காதீங்க," என்றாள்.

பேசியது யாரென்று அன்புச்செல்வியே திரும்பிப் பார்த்தாள்.

ஜெசிந்தாவுக்குக் காது சுட்டது. "அப்பா கிளாரினெட் வாசிப்பார், மேடம். பேண்டு செட்ல. அந்தப் பள்ளத்துலதான் மவுத்பீஸ் உக்காரும். அது போனா அப்பாவுக்கு…" கைகளால் வாசிப்பது போலக் காட்டினாள். "சவுண்டு போயிடும்."

ராயப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் கேமராவைக் கீழே வைத்தார். கண்ணாடிக் குழாய்களை நெற்றிக்குத் தூக்கிவிட்டார். "கிளாரினெட்டா? ஐயா, இதைத்தானே நான் பழக்கம்னு கேட்டேன்!"

ராயப்பன் கண்ணைத் திறக்காமலே சொன்னார், "அது பழக்கம் இல்லீங்களே, மேடம். அது தொழிலு."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, திரையில் இருந்த பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல வேளை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "வியாழக்கிழமை வாங்க. அதையும் எடுத்துட்டு வாங்க."

திரும்பும்போது, பேருந்து விக்கிரவாண்டியைத் தாண்டியதும் ராயப்பன் ஆரம்பித்தார்.

"பேண்டுன்னு சொல்லிட்டியே."

"ம்."

"அந்தம்மா எந்தத் தெருன்னு கேக்கவே இல்ல, பாத்தியா?"

"இல்லப்பா."

அவருடைய நாக்கு நுனி பல்லைத் தடவிக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை கிளாரினெட் அதன் பெட்டியில் வரவில்லை. பாகம் பாகமாகக் கழற்றி, துண்டில் சுற்றி, துணிக்கடைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார் ராயப்பன். காத்திருக்கும் அறையில் கன்னம் வீங்கிய ஓர் அம்மாள், முந்தானையால் தாடையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தைலம்மாள் என்று பெயர் சொல்லி அன்புச்செல்வி அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து முதல் பேருந்தில் வந்தவராம்.

"பையில இன்னாண்ணே, அவ்ளோ பத்திரமா?" என்றார் தைலம்மாள் வலிக்கு நடுவிலும். "துப்பாக்கியா?"

"சாமான்தாம்மா."

"சாமான்னா புடிச்ச புடி வுடாம வெச்சிக்கினு இருக்கீங்க?"

நல்லவேளையாக உள்ளே கூப்பிட்டார்கள்.

மவுத்பீஸைக் கழுவித் துடைத்து டாக்டர் விளக்கடியில் பிடித்தார். கருப்பான அதன் முதுகில் இரண்டு குழிகள். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி ஜெசிந்தாவிடம் நீட்டினார். "நீங்களும் பாருங்க. ஒரு தடவை இதை, ஒரு தடவை அப்பா பல்லை."

ஜெசிந்தா பார்த்தாள். மவுத்பீஸின் குழிக்குள் நுணுக்கமான கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். பல்லின் பள்ளத்திலும் அதே கீறல்கள், அதே சாய்வு. பல் இதைத் தின்றிருக்கிறது. இது பல்லைத் தின்றிருக்கிறது. எத்தனை கல்யாணம், எத்தனை சாவு, எத்தனை தேர். இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து, நடுவில் காற்றுப் போக இடமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. இதை யாரும் அளக்கவில்லை. யாரும் வரைந்து கொடுக்கவில்லை.

"மரத்துப்போக ஊசி போட மாட்டேன்," என்றார் டாக்டர். "போட்டா உதடு தெரியாது, வாசிக்க முடியாது. வலிச்சா கையைத் தூக்குங்க."

மிஷின் சுழன்றது. பழுப்புக் கோட்டை மட்டும், வாழைநார் உரிப்பது போல அவர் எடுத்தார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் தொடவில்லை. ராயப்பன் கையைத் தூக்கவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. பழைய சிமெண்டின் உடைந்த முகத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கினார். பிறகு பல்லின் ஓரத்தில் நீலக் கூழ் ஒன்றைத் தடவினார்.

"என்னன்னு தெரியுதா?" என்றார் ஜெசிந்தாவிடம். "கெமிஸ்ட்ரிதானே நீங்க?"

"ஆசிடா மேடம்?"

"பாஸ்பாரிக் ஆசிட். கழுவினதும் பாருங்க."

கழுவிக் காற்றடித்ததும், மின்னிக்கொண்டிருந்த பாறையின் ஓரம் மட்டும் மங்கி, மார்கழிக் காலையில் புல்லின் மேல் இருப்பது போல வெளுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கே இப்போது ஆயிரக்கணக்கில் துளைகள் இருக்கின்றன என்றார் டாக்டர். ஒரு துளி பசையைத் தூரிகையால் தொட்டு வைத்தார். பசை அந்தத் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளுமாம். பழைய சிமெண்டின் பக்கம் வேறு ஒரு துளி. அதன் மேல் வெண்ணெய் போன்ற ஒரு பசையை அப்பி, உடைந்த மூலையைக் கட்டினார்.

"இப்பதான் வேலையே," என்று சொல்லி வெள்ளை டேப் ஒன்றைக் கிழித்தார். குழாய் மரையில் சுற்றுவார்களே, அதே டேப். அதை மவுத்பீஸின் முதுகில் சுற்றினார்.

"இது ஒட்டாது இல்ல? இதுக்குப் பேர் என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

"பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன்," என்றாள் ஜெசிந்தா. அந்த வாரத்தில் அவள் பேசியதிலேயே நீளமான வார்த்தை அதுதான். வாயில் பஞ்சோடு ராயப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வாசிக்கிற மாதிரியே கடிங்க, ஐயா. ஊத வேணாம். அசையாதீங்க."

அவர் கடித்தார். பசை நசுங்கி, பழைய பள்ளம் எங்கே நின்றுபோயிருந்ததோ அங்கிருந்து புது மூலை வரை அதே வளைவில் நீண்டது. டாக்டர் ஒரு சிறு கருவியை அருகில் கொண்டுபோனார். நீல வெளிச்சம். அப்பாவின் உதடு, பல், கருப்பு மவுத்பீஸ் எல்லாம் சில நொடிகள் கடலுக்கு அடியில் இருப்பது போலத் தெரிந்தன. வெளிச்சம் நின்றது. டாக்டர் மவுத்பீஸை எடுத்துவிட்டு, கம்பியால் மூலையைத் தட்டினார். 'டிக் டிக்' என்றது. வெண்ணெய் கல்லாகியிருந்தது.

பாலிமராதல் என்று அவள் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். சங்கிலிகள், இணைப்புகள், அம்புக்குறிகள். அது இப்படி நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மூச்சுக்குள், தன் அப்பாவின் வாயில், வெளிச்சம் பட்டவுடன், கோடிக்கணக்கானவை கைகோத்துக்கொள்ளும் என்று.

"வாசிங்க," என்றார் டாக்டர்.

ராயப்பன் எழுந்து உட்கார்ந்தார். "இங்கியா?"

"வேற எங்க? சரியா உக்காந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கதவைப் பார்த்தார். கதவு என்று எதுவும் இல்லை, திரைச்சீலைதான். அதற்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர். "வெளிய ஆளுங்க இருக்காங்களே, மேடம்."

"இருக்கட்டுமே."

"கிளாரினெட்டு சத்தம் கேட்டா…" அவர் மகளைப் பார்த்தார். ஜெசிந்தா பைக்குள் கையை விட்டு, பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் வைத்தாள். அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைகள் தாமாகப் போய் அவற்றைப் பூட்டின.

முதல் சுரம் வந்தது. அதன் அடியில் மயிரிழை போல ஒரு 'புஸ்'.

ராயப்பனின் தோள் இறங்கியது. "அப்பவும் இப்படித்தான்," என்றார்.

"பொறுங்க ஐயா, பேஜார் ஆகாதீங்க," என்றார் டாக்டர். நீலத் தாள் ஒன்றைப் பல்லுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். புது மூலையில் கடுகளவு ஒரு நீலப் புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியை மட்டும் தேய்க்கும் வட்டத் தகட்டால் தொட்டு எடுத்தார். தொட்டாரா என்றே ஜெசிந்தாவுக்குச் சந்தேகம். "ம், இப்போ."

ராயப்பன் மூச்சை இழுத்தார்.

இந்த முறை கீழே ஒன்றும் இல்லை. ஓசை மட்டும் இருந்தது. அந்தச் சின்ன அறைக்கு அது அதிகம். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் கருவிகள் லேசாக அதிர்ந்தன. ஒரு சுரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவரால் நிறுத்த முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததற்குப் போனார், அதிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கினார், திரும்ப ஏறினார். வெளியே ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்தினார்கள். செருப்புக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த குரல்களும் நின்றன. டாக்டர் கையில் தகட்டோடு அப்படியே நின்றார்.

திரைச்சீலை விலகியது. தைலம்மாள் தாடையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அண்ணே," என்றார். "எங்க ஊட்டுக்காரரு சாவு எடுப்புக்கு வந்து வாசிச்சவரு நீங்கதானே?"

ராயப்பன் கிளாரினெட்டை மடியில் இறக்கினார். முகம் சுருங்கியது. ஜெசிந்தா அன்புச்செல்வியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை.

"மூஞ்சி ஞாபகம் இல்ல. இந்தச் சத்தம் ஞாபகம் இருக்குது," என்றார் தைலம்மாள். "கடல்லேர்ந்து அவரக் கொண்டாந்து போட்டாங்க. எனக்குக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. ரெண்டு நாளு. கல்லு நெஞ்சுக்காரின்னு குப்பமே பேசுச்சு. எனக்கே பயமாப் பூடுச்சு, இன்னாடா இது நம்ம நெஞ்சுன்னு. அப்ப நீங்க மணல்ல நின்னுக்கினு இத ஊதினீங்க. இதே மாதிரி கீழ எறங்கி வந்துச்சு. அப்பதான் அழுதேன். இல்லாங்காட்டி நான் அப்பவே செத்திருப்பேன்."

ராயப்பன் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இருக்கும்மா," என்றார். "அந்தப் பக்கம் வந்திருக்கேன்."

"பல்லு வலியே மறந்துபூடுச்சு, போ."

"அப்ப ஊருக்குக் கிளம்பறீங்களா?" என்றார் டாக்டர்.

"ஐய, அது எப்டி? அது வேற, இது வேற. ஜல்தி வுட்டா நானும் ஏறிப் படுப்பேன்."

கிளம்பும் முன் டாக்டர் மறுபடியும் கண்ணாடியை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். மெருகேற்றி முடித்திருந்தார். கோடு எங்கே இருந்தது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அங்கேதான் பார்த்தாள். நாலு வயதில் கூழில் இருந்து வந்தது ஒன்று, பன்னிரண்டு வருடத்துக்கு முன் முகம் தெரியாத ஒருவர் கட்டியது ஒன்று, இன்றைக்கு வந்தது ஒன்று. மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் எது எங்கே முடிகிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மழை நின்ற பாறைதான் தெரிந்தது. அதன் விளிம்பில் அந்தப் பள்ளம், வெளிச்சத்தை ஏந்திக்கொண்டு.

பேருந்தில் கண்டக்டர் கட்டைப் பையைக் காலால் தள்ளினார். "இன்னாது இது, வழியில? மேல தூக்கி வைங்க."

ராயப்பன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கிளாரினெட்டுங்க," என்றார். "மேல வெச்சா வுழுந்துடும்."

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் மாதா தேர் கிளம்பியது. பூச்சரம் கட்டிய சப்பரம் கோயில் வாசலில் அசைந்து நின்றது. பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் ஜெசிந்தா அம்மாவோடு நின்றிருந்தாள். ராயப்பன் முன்வரிசைக்கு வந்து, தொப்பியைச் சரிசெய்து, கிளாரினெட்டைத் தூக்கினார். அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு அந்தப் 'புஸ்'ஸைத் தேடினாள்.

இல்லை. முதல் ஓசை கூட்டத்தின் தலைகளுக்கு மேல் தெளிவாக எழுந்து, வேப்பமரத்தைத் தாண்டி, மல்லாட்டைக் கொல்லைகளின் பக்கம் போயிற்று. பின்னாலேயே டிரம் விழுந்தது. சப்பரம் நகர்ந்தது.

முதல் பாட்டு முடிந்து அடுத்ததற்கு முன் கிடைத்த இடைவெளியில் சகாயராஜ் ட்ரம்பெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாமாவின் வாயை எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, பல்லு புதுசா?"

"பழசுதான்டா," என்று சொல்லிவிட்டு, ராயப்பன் மவுத்பீஸை அதன் இடத்தில் வைத்தார்.